வெள்ளிச் சிட்டு குளித்த இடம்

இலவச வேன், இலவசத் தொப்பி, இலவசச் சாப்பாடு என்று ஓர் அழைப்பு வந்தால், கொடுக்கிறவனுக்கு நம்மிடம் என்ன வேண்டியிருக்கிறது என்றுதான் முதலில் யோசிப்பேன். பிப்ரவரி மாதம் எங்கள் வாட்ஸாப் குழுவில் அப்படி ஓர் அழைப்பு வந்தது. சிவகாசி - சாத்தூர் ரோட்டுக்கு உள்ளே, ஒரு பட்டாசுக் கம்பெனி தன் செலவில் வளர்க்கும் இயற்கைப் பூங்கா. "பறவைகளைக் கணக்கெடுத்துத் தாருங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று எழுதியிருந்தார்கள். குழுவில் எல்லோரும் கைகூப்பும் படம் போட்டார்கள். நான் எதுவும் போடவில்லை. ஆனால் போனேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பெயர் செல்வி. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் நிறம் சரிபார்க்கிற வேலை. காலண்டர் சீசன் பொங்கலோடு முடிந்துவிடுவதால் பிப்ரவரியில் லீவு கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுப்பார்கள். எங்கள் பறவை நோக்கர் குழு விருதுநகரில் இருக்கிறது. பாதிப் பேர் ஆசிரியர்களும் நர்சுகளும். ஞாயிறு காலை அவர்கள் சர்ச்சில் ஆராதனைக்குப் போக வேண்டும் என்பதால் எங்கள் நடை எப்போதும் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை.

குழுவை நடத்துகிறவர் ஜெபராஜ் சார். ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியர். அவர் போட்ட ஒரு விதி உண்டு, அதை நாங்கள் நாலு கண் கணக்கு என்போம். நடை முடிந்ததும் எல்லோரும் ஒரு மரத்தடியில் உட்கார வேண்டும். சார் ஒவ்வொரு பறவையின் பெயராக வாசிப்பார். இரண்டு பேர் "பார்த்தேன்" என்று சொன்னால்தான் அது நோட்டில் ஏறும். ஒருவர் மட்டும் பார்த்தது, அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், ஏறாது. இரண்டு வருடம் முன்பு சாரே ஒரு செங்கால் நாரையைப் பார்த்தார். வேறு யாரும் பார்க்கவில்லை. நாற்பது நிமிடம் காத்திருந்து, அது திரும்பி வராமல் போகவே, நோட்டில் எழுதியிருந்ததைத் தன் கையாலேயே அடித்தார். அன்று மதியம் அவர் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. இந்த விதியை இங்கே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

மற்றவர்கள் விருதுநகரிலிருந்து கம்பெனி வேனில் வந்தார்கள். நான் சிவகாசியிலிருந்து தனியாகக் கிளம்பினேன். காலை 5.20க்கு சாத்தூர் போகும் டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பதினோரு கிலோமீட்டர். 5.45க்கு, பூங்காவுக்குப் பாதை பிரியும் விலக்கில் இறங்கினேன். அங்கிருந்து பூங்கா மூன்று கிலோமீட்டர் உள்ளே, பஸ் இல்லை. டீக்கடை முன்னால் ஓர் ஆட்டோ நின்றது. அறுபது ரூபாய் கேட்டார், பேரம் பேசவில்லை.

"எங்கன போகணும், கம்பெனி பார்க்குக்கா?"

"ஆமாண்ணே. குருவி பாக்கப் போறோம்."

"குருவி பாக்கவா அம்புட்டுத் தூரத்துலருந்து வந்தீக? எங்க வீட்டு டியூப்லைட்டு மேல ரெண்டு கூடு இருக்கு. அங்கன வந்தீகன்னா டீயும் போட்டுத் தாரேன், ஆட்டோக் காசும் மிச்சம்."

சிரித்தேன். பூங்காவுக்கு நிறைய ஆட்கள் வருவார்களா என்று கேட்டேன்.

"மரம் நட்ட அன்னைக்கு வந்தாக, போட்டோ புடிச்சாக, போனாக. அதுக்குப் பெறகு குட்டியானைதான் போகுது, வருது."

குட்டியானை என்றால் சரக்கேற்றும் சின்ன வண்டி. பூங்காவுக்கு அது எதற்கு என்றேன்.

"உரம் கொண்டு போறாகளோ என்னமோ. விடியுமுன்ன எதுக்கு உரம்னு என்கிட்ட கேக்காதீக. நான் ரோட்டப் பாத்து ஓட்டுறவன்."

நான் அந்தக் குட்டியானையை மனதில் முடிந்துவைத்துக்கொண்டேன்.

6.05க்கு வாசல். பூங்காவின் பெயரைவிடக் கம்பெனியின் பெயர் மூன்று மடங்கு பெரிதாக வளைவில் எழுதியிருக்கிறது. இரண்டையும் நான் இங்கே எழுதப் போவதில்லை. காரணம் கடைசியில் புரியும். உள்ளே பன்னிரண்டு ஏக்கர் என்றார்கள். நடுவில் ஒரு ஊருணி, சுற்றி நடைபாதை, வேம்பும் வாகையும் புங்கமும் வரிசையாக, வரிசைக்கு வெளியே எல்லாம் சீமைக்கருவேலம். கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி பிரபாகர் எங்களுக்காகக் காத்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், வெளியூர்ப் பேச்சு. எல்லோருக்கும் தொப்பி கொடுத்தார். பளீரென்ற மஞ்சள். பறவை பார்க்கப் போகிறவன் எவனும் தொடாத நிறம். பதினாறு பேர் வந்திருந்தோம், பதினைந்து பேர் போட்டுக்கொண்டார்கள்.

தொப்பியைவிடப் பெரிய தூண்டில் ஒன்று முக்காலியில் நின்றது: புது டெலஸ்கோப். எங்கள் குழுவுக்கு ஆறு வருடமாக ஒன்று வாங்க வேண்டும் என்று ஆசை. "இன்னிக்குக் கணக்கெடுப்பு முடிஞ்சதும் இது உங்களுக்குத்தான் சார்" என்றார் பிரபாகர். ஜெபராஜ் சார் அதைத் தொட்டுப் பார்த்த விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவர்மேல் எனக்கு அப்போதே கொஞ்சம் கோபம்.

வாசல் பக்கம் தண்ணீர்க் குழாயடியில் ஓர் அம்மா விளக்குமாறோடு நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சாமான் அறைக்குள் போகும் முன் குழாயின் இரும்பை உள்ளங்கையால் ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனார். வெளியே வந்து கூடையை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போகும்போதும் தொட்டார். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இது என்னவென்று தெரியும். பட்டாசுக்கு மருந்து நிரப்பும் அறைக்குள் போகிறவர்கள் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் இருக்கும் மின்சாரம் மண்ணுக்கு இறங்கட்டும் என்று. வேலையை விட்டாலும் கை விடாது. என் அம்மா பதினோரு வருடம் மருந்து நிரப்பியவர். இன்றைக்கும் எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் போகும்போது கதவின் தாழ்ப்பாளைத் தொடுவார். குழாயடியில் நின்ற அந்த அம்மாவின் பெயர் பேச்சியம்மாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

6.20க்கு நடக்க ஆரம்பித்தோம். பிரபாகர் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்: "கிழக்குப் பக்கம் மட்டும் வேண்டாம். பாம்பு நிறைய." பாம்பு இருக்கிற இடத்தில் நடப்பதற்குத்தான் நாங்கள் பூட்ஸ் போட்டிருக்கிறோம் என்று சொல்ல நினைத்தேன். சார் தலையாட்டிவிட்டார்.

பறவைகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊருணியில் நெடுங்கால் உள்ளான் பதினெட்டு, நாமக்கோழி கூட்டம், ஓரத்தில் மஞ்சள் மூக்கு நாரை நான்கு. மின்கம்பியில் பனங்காடை. கருவேலத்துக்குள் தவிட்டுக்குருவிகள் சண்டை போடும் சத்தம். 7.10க்கு வடக்கே ஏதோ ஒரு கம்பெனியில் வெடி சோதித்தார்கள். நெஞ்சில் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். நாங்கள் பதினாறு பேரும் துள்ளினோம். உள்ளான்களில் ஒன்றுகூட எழவில்லை. சேற்றைக் கிளறிக்கொண்டே இருந்தன.

"பாத்தீங்களா சார், பறவைங்களுக்கு எங்ககிட்ட பயமே இல்ல" என்றார் பிரபாகர்.

பயம் இல்லாததற்கும் பயந்து பயந்து மரத்துப்போனதற்கும் வித்தியாசம் அவருக்குத் தெரியுமா என்று யோசித்தேன். எங்கள் தெருவில் யாரும் அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதன் பிறகு சைரன் கேட்டால்தான் பார்ப்பார்கள்.

7.40க்குக் குழாயடிக்குத் திரும்பி வந்தோம். அங்கேதான் அது நடந்தது. சுற்றுச்சுவரின் மேல் சிட்டுக்குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவற்றில் ஒன்று வெள்ளியாக இருந்தது. தலை, முதுகு, சிறகு எல்லாம். வெயில் சாய்வாக விழுந்தபோது பளபளத்தது. குழுவில் ஒரே கூச்சல். எங்கள் ஸ்டெல்லா அக்கா, நர்ஸ், எந்த அவசரத்திலும் குரல் உயர்த்தாதவர், "ஏ அங்கன பாருங்க, அங்கன பாருங்க!" என்று கத்தியேவிட்டார்.

"நிறமிக் குறைபாடு" என்றார் ஜெபராஜ் சார். "சிட்டுக்குருவியில நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல."

பிரபாகர் தன் போனில் பத்துப் படம் எடுத்தார். "அடுத்த வருச காலண்டர்ல இதுதான் சார் அட்டை!"

நான் பைனாகுலரில் பார்த்தேன். நிறமி இல்லாத இறகு வெள்ளையாக இருக்கும், சுண்ணாம்பு மாதிரி. பளபளக்காது. வருடம் முழுவதும் வெள்ளி மை அச்சான தாள்களைப் பார்க்கிற கண் என்னுடையது. அந்த மினுமினுப்பு உலோகத்துடையது. பார்த்துக்கொண்டே இருந்தேன். குருவி உடம்பைச் சிலிர்த்தது. அதைச் சுற்றி ஒரு நொடி சாம்பல் நிறப் புகை எழுந்து கரைந்தது. குருவியின் கழுத்தில் மட்டும் பழுப்பு தெரிந்தது.

"சார், அது பொடி. அலுமினியப் பொடி. இப்ப உதறுச்சு."

"வேற யாரும் பாத்தீங்களா?" என்று சார் திரும்பிக் கேட்டார். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை. குருவிகள் எழுந்து கிழக்கே பறந்தன.

"ஏ பிள்ள, எல்லாத்துலயும் சந்தேகப்படாத" என்றார் சார் மெதுவாக.

சந்தேகப்படாமல் எப்படி இருப்பது? என் அம்மா வேலை விட்டு வந்து குளித்த பிறகும் காது மடிப்பில் அந்த வெள்ளி இருக்கும். சின்ன வயதில் அதை அழகு என்று நினைத்திருக்கிறேன். சிட்டுக்குருவி மண்ணில் புரண்டு குளிக்கும் பறவை. அது வெள்ளியாக வருகிறது என்றால், பக்கத்தில் எங்கோ வெள்ளிப் பொடி திறந்து கிடக்கிறது.

8.15க்குச் சாப்பாடு. பொங்கலும் வடையும், நன்றாகவே இருந்தது. நான் தட்டோடு பேச்சியம்மாள் பக்கம் போனேன். அவர் வேப்பஞ்சருகைக் கூட்டிக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். பிப்ரவரியில் வேம்பு கொட்டுகிற கொட்டுக்கு நாள் முழுவதும் கூட்டினாலும் தீராது.

"சாப்பிட்டீகளா அக்கா?"

"நீங்க போன பெறகுதான் தாயி. நீ சாப்பிடு, ஆறிரும்."

"இம்புட்டுச் சருகையும் எங்கன கொட்டுவீக?"

"கெழக்கு மூலையில. சனிக்கெளம சனிக்கெளம தீ வச்சுருவேன். இன்னைக்கு நீங்க போன பெறகு பத்து மணிக்கு வைக்கச் சொல்லியிருக்காக. விருந்தாளிக கண்ணுல பொக படக்கூடாதாம்."

கிழக்கு மூலை. பாம்பு இருக்கிற மூலை. போன சனிக்கிழமை எரித்தபோது ஏதாவது வித்தியாசமாக இருந்ததா என்று கேட்டேன். அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் கேக்குற?"

"சும்மா கேட்டேன்க்கா."

"சும்மா கேக்குற மூஞ்சி இல்லையே இது." குரலைத் தாழ்த்தினார். "ஒரு ஓரத்துல வெள்ளையா எரிஞ்சுச்சு. வெல்டிங் கடையில வருமே, அந்த மாதிரி. ரெண்டு நாளு கண்ணு கூசிக்கிட்டே இருந்துச்சு. சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். மண்ணுல காக்காப்பொன்னு கெடக்கும், அதுதான்னாரு."

காக்காப்பொன் என்கிற மைக்கா எரியாது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஒன்பது வருடம் மருந்தறையில் இருந்தவர். பக்கத்து அறை ஒருநாள் வெடித்து இருந்த இடம் தெரியாமல் போனதற்குப் பிறகுதான், இனி அந்தப் பக்கம் கால் வைப்பதில்லை என்று இந்த வேலைக்கு வந்தாராம். மரநிழல், திறந்த வெளி. "காக்காப்பொன்னுன்னே நெனச்சுக்கிட்டேன்" என்றார். "அப்படி நெனச்சாத்தான வேலைக்கு வர முடியும்?"

வெள்ளிக் குருவியைப் பார்த்ததைச் சொன்னேன். அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார்.

"வா, பாத்துருவோம். செல்லு எங்க வச்சிருக்க?"

"பையில."

"இங்கனயே வையி. அதெல்லாம் கொண்டுக்கிட்டு வரப்படாது."

படம் எடுக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அவர் அசையவில்லை. மருந்து கிடக்கிற இடத்துக்குப் போன் கொண்டு போகக் கூடாது என்பது எங்கள் பக்கம் சோறு தின்னும் கை மாதிரி, மாற்ற முடியாது. போனைக் குழாயடியில் வைத்தேன். போகும் முன் அவர் குழாயைத் தொட்டார். என்னையும் தொடச் சொன்னார்.

கருவேலத்துக்குள் ஒற்றையடிப் பாதை, இருநூறு அடி இருக்கும். பாம்பு எதுவும் இல்லை. கிழக்குச் சுவரில் ஓர் இரும்பு வாசல், புதுப் பூட்டு. வாசலுக்கு உள்ளே சின்ன வண்டியின் டயர் தடம். தடம் முடிகிற இடத்தில், சருகு கொட்டுகிறவர் கண்ணில் படாதபடி ஒரு கருவேலப் புதருக்குப் பின்னால், நான்கு மூட்டைகள், மேலே சருகு மூடியிருந்தது. ஒரு மூட்டை கிழிந்து, உள்ளே இருந்த பொடி தரையில் கொட்டிப் பரவியிருந்தது. சாம்பலும் வெள்ளியும் கலந்த நிறம். இன்னொன்றின் வாய் வழியாகத் திரி இல்லாத வெடிக் குழாய்கள் தெரிந்தன, கழித்துப் போட்ட சரக்கு.

கொட்டிய பொடியில் சின்னச் சின்னக் குழிகள் இருந்தன. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், கிண்ணம் மாதிரி வழவழப்பாக. நாற்பது ஐம்பது இருக்கும். குருவிகள் புரண்டு புரண்டு செய்த குழிகள். ஓரத்தில் பிஞ்சு இறகு ஒன்று ஒட்டிக்கிடந்தது.

அந்தக் குழிகளிலிருந்து பேச்சியம்மாளின் சருகுக் குவியல் நாலு எட்டு வைக்கும் தூரம்தான். குவியலின் ஒரு பக்கம் போன வாரம் எரிந்து கருகியிருந்தது. கருகல் மூட்டையைப் பார்த்து நகர்ந்து, இரண்டு எட்டு தள்ளி நின்றிருந்தது. போன சனிக்கிழமை காற்று கொஞ்சம் கிழக்கே அடித்திருந்தால் இந்தப் பதிவை நான் எழுதியிருக்க மாட்டேன். நாளிதழில் நாலு வரி வந்திருக்கும்.

நான் அங்கேயே கத்தப் போனேன். "தண்ணி எடுத்துட்டு வந்து ஊத்திருவோம்க்கா" என்றேன்.

"ஏத்தா, கிறுக்கா ஒனக்கு? இதுல தண்ணி படப்படாது. மணலுதான் போடணும். ஒங்காத்தா சொல்லித் தரலையா?" என்றார். பிறகு இடுப்பில் செருகியிருந்த தீப்பெட்டியை எடுத்துப் பார்த்தார். "பத்து மணிக்குத் தீ வைக்கச் சொன்னவுக மகராசனா இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். குழாயடிக்கு வந்ததும் அந்தத் தீப்பெட்டியை வாளித் தண்ணீரில் போட்டு அமுக்கினார்.

மணி 9.05.

வாகை மரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜெபராஜ் சார் கார்பன் தாள் வைத்த நோட்டைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பறவைக்கும் "பார்த்தேன், பார்த்தேன்." நாற்பத்தாறு வகை ஏறியது. பிரபாகர் ஒரு நகல் வாங்கத் தயாராகக் கை நீட்டிக்கொண்டு நின்றார்.

"குறிப்பு" என்று சார் வாசித்தார். "சிட்டுக்குருவி, நிறமிக் குறைபாடு, ஒன்று." பதினாலு குரல் "பார்த்தேன்" என்றது.

நான் எழுந்தேன். "அது நிறமி இல்ல சார். கெழக்கு மூலையில நாலு மூட்டை மருந்தும் கழிவும் கெடக்கு. குருவி அதுலதான் குளிக்குது. பக்கத்துலயே இந்த அக்கா சருகைக் கொட்டி எரிக்குது. இன்னைக்குப் பத்து மணிக்கு எரிக்கச் சொல்லியிருக்காக. இன்னும் அம்பது நிமிசம் இருக்கு."

பதினைந்து மஞ்சள் தொப்பிகள் பிரபாகர் பக்கம் திரும்பின.

பிரபாகர் சிரித்தார். "மேடம், அங்க போக வேணாம்னு சொன்னேனே. போட்டோ இருக்கா?"

"இல்ல."

"போட்டோ இல்லாம ஒரு கம்பெனி மேல இப்படிச் சொல்லலாமா?"

"யாராவது என்கூட வாங்க, காட்டுறேன்" என்றேன். ஒருவரும் எழவில்லை. ஸ்டெல்லா அக்கா காலித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சிலர் டெலஸ்கோப்பைப் பார்த்தார்கள். நான் சாரைப் பார்த்தேன்.

"செல்வி" என்றார் அவர். "ரெண்டு பேர் பாத்திருக்கணும். எனக்கும் அதே விதிதான், உனக்கும் அதே விதிதான்."

அந்த நொடியில் அவரை நான் வெறுத்தேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. ஒரு டெலஸ்கோப்புக்கு விலைபோய்விட்டார் என்றே நினைத்தேன்.

"நான் பாத்தேன்."

பேச்சியம்மாள் விளக்குமாறைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். பிரபாகர் அவர் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இது அவங்க கிளப்பு. நீங்க மெம்பரா? போய் வேலையைப் பாருங்க."

"பாக்குறேன்யா. அந்த வேலைக்குத்தான் பத்து மணின்னு சொல்லியிருக்கீக."

யாரோ களுக்கென்று சிரித்து நிறுத்திக்கொண்டார்கள். சார் நோட்டின் முதல் பக்கத்துக்குப் போனார். அங்கே விதிகள் எழுதியிருக்கும். விரலை வைத்து ஒரு முறை வாசித்தார், பிறகு இன்னொரு முறை.

"மெம்பருன்னு இதுல எழுதலை சார். ரெண்டு பேருன்னுதான் எழுதியிருக்கேன்" என்றார் பிரபாகரிடம். பிறகு எழுந்துபோய் டெலஸ்கோப்பை முக்காலியிலிருந்து கழற்றி, உறைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடி அவர் கையில் கொடுத்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"உங்க பேரு என்னம்மா?"

"பேச்சியம்மாள்."

"மூட்டை எத்தன?"

"நாலு. ஒண்ணு கிளிஞ்சிருக்கு."

குறிப்பை அடித்துவிட்டு எழுதினார். நாற்பத்தேழு. கிழக்கு மூலை. அலுமினியப் பொடியும் கழிவு வெடியும், மூட்டை நான்கு. சருகு எரிக்கும் இடத்திலிருந்து நாலு எட்டு. பார்த்தவர்கள்: பேச்சியம்மாள், செல்வி. பறவைப் பட்டியலில் ஏறிய முதல் பறவையில்லாத பதிவு அதுதான். அவருடைய பெயரை முதலில் எழுதியிருந்தார்.

அப்போதுதான் ஸ்டெல்லா அக்கா எழுந்தார். "நானும் பாத்துட்டு வாரேன். தீக்காயத்துக்கு மருந்து போட்டே எனக்குப் பாதி வயசு போச்சு. இதையும் பாத்துருதேன்." அவர் பின்னால் ஐந்து பேர் போனார்கள். போன்களைக் குழாயடியில் வைத்துவிட்டு, பேச்சியம்மாள் சொன்னபடி இரும்பைத் தொட்டுவிட்டு, வரிசையாக. நோட்டில் எட்டுப் பெயர் ஆனது.

9.40க்குத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தோம். வந்தார்கள். மணலைக் கொட்டி மூடினார்கள், நாடா கட்டினார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். யாரோ வெளியாள் சுவர் தாண்டிப் போட்டிருப்பான் என்றார் பிரபாகர். இருக்கலாம். யார் போட்டது என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி எழுதவும் மாட்டேன். சுவர் தாண்டிப் போட்டிருந்தால் வாசலுக்கு உள்ளே டயர் தடம் எப்படி வந்தது என்றும், அந்தப் புதுப் பூட்டின் சாவி யாரிடம் என்றும் கேட்டேன். பதில் இன்றுவரை வரவில்லை.

கார்பன் நோட்டில் மூன்று படி விழும். ஒன்று பிரபாகருக்கு, ஒன்று எங்களுக்கு. மூன்றாவதைப் பேச்சியம்மாள் கேட்டு வாங்கினார். "எம்பேரு இருக்குல்ல, எங்கிட்டயும் ஒண்ணு இருக்கட்டும்."

இரண்டு நாள் கழித்து, இனி வர வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு அவர் வீட்டுக்குப் போனேன். எனக்குக் குற்ற உணர்ச்சி, அவருக்கு அது பிடிக்கவில்லை. "நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? நாந்தான பாத்தேன்னு சொன்னேன், நீயா எனக்காகச் சொன்ன?" என்று அதட்டினார். அந்தத் தாள் ரேஷன் கார்டு உறைக்குள் இருந்தது. இப்போது களை கொத்தும் கூலி வேலைக்குப் போகிறார். கிடைத்த நாளுக்குக் கிடைத்தது. இதை இனிப்பாக முடிக்க என்னிடம் ஒன்றுமில்லை. மருந்தறையை விட்டுப் பூங்காவில் இலை கூட்டப் போன பெண்ணையும் அந்த மருந்து விடாமல் துரத்துகிற ஊர் இது. அவர் உயிரோடு இருக்கிறார், அந்த மூலையில் இப்போது யாரும் தீ வைப்பதில்லை. அவ்வளவுதான்.

போக நினைக்கிறவர்களுக்கு. பெயரை எழுதாததற்குக் காரணம், பேச்சியம்மாள் அந்த ஊரில்தான் இன்னும் குடியிருக்கிறார். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு எந்தப் பூங்கா என்று இதற்குள் தெரிந்திருக்கும். காலை ஆறு முதல் மாலை ஐந்து வரை திறந்திருக்கும், கட்டணம் இல்லை. பிப்ரவரி நல்ல மாதம், மார்ச்சுக்குப் பிறகு ஊருணி வற்றிவிடும். கடை கிடையாது, தண்ணீர் கொண்டு போங்கள். திரும்ப வர ஆட்டோவை முன்பே சொல்லி வைக்க வேண்டும். இல்லையென்றால் விலக்குக்கு மூன்று கிலோமீட்டர் நிழலில்லாத நடை. மஞ்சள் தொப்பி கொடுத்தால் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஒரு வேலையாக அந்த வழியே போனேன். வாசலில் புதுப் பலகை. "இப்பூங்காவில் 46 வகைப் பறவைகள்" என்று எழுதி, கீழே எங்கள் குழுவின் பெயரையும் போட்டிருக்கிறார்கள். எண்ணிக்கை பொய்யில்லை. ஆனால் எங்கள் பட்டியல் நாற்பத்தேழில் முடிகிறது, அதன் மூன்றாவது படி ஒரு ரேஷன் கார்டு உறைக்குள் இருக்கிறது. நீங்கள் அங்கே போய் வெள்ளியாக மின்னுகிற சிட்டுக்குருவி ஒன்றைப் பார்த்தால், படம் எடுக்க வேண்டாம். அங்கே சருகை யார் எரிக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.